தாய்ச்சி கற்க வருபவர்களுக்கு: முதல் ஓராண்டை எப்படிக் கடப்பது

சீனச் சண்டைக்கலை கற்க ஆசைப்படுகிறவர்களிடம் காரணம் கேட்டால் பாதிப் பேர் தற்காப்பு என்பார்கள். மீதிப் பேர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "எதை எடுத்தாலும் பாதியில் விட்டுவிடுகிறேன், இதிலாவது ஒரு கட்டுக்குள் வரணும்" என்பார்கள். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது கூட்டத்துக்காக. சீனக் கலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நான் இங்கே எடுத்துக்கொள்வது சென் குடும்பத்துத் தாய்ச்சியை மட்டும்.

தாய்ச்சி என்றதும் பூங்காவில் முதியவர்கள் மெதுவாகக் கையசைக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். அவர்கள் பெரும்பாலும் செய்வது, 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து சுருக்கி எடுத்த 24 அசைவுத் தொகுப்பு. நல்ல பயிற்சிதான். ஆனால் மூலப் பாணியான சென் தாய்ச்சியில் தொடை நடுங்கும், சட்டை நனையும், மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு குத்து வெடிக்கும்.

இதன் ஊர் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் மாவட்டத்தில் உள்ள சென்ஜியாகோவ். 17ஆம் நூற்றாண்டில், மிங் அரசு சரிந்த காலத்தில் படைப்பணியை விட்டு ஊர் திரும்பிய சென் வாங்டிங் இதை உருவாக்கினார் என்பது குடும்ப மரபு. சென் சாங்ஷிங் (1771–1853) தான் யாங் லுசான் (1799–1872) என்ற வெளியூர்க்காரருக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். யாங் லுசான் அதைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் மற்ற பாணிகளில் பெரும்பாலானவை அந்தக் கிளையோடு தொடர்புடையவை. 2020இல் யுனெஸ்கோ தாய்ச்சியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒழுங்கு இருப்பவர்களால்தான் இதைக் கற்க முடியும் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். நான் பார்த்தவரை யாரும் ஒழுங்கோடு வருவதில்லை. ஒரே சின்ன விஷயத்தை, யாரும் பார்க்காத இடத்தில், தினமும் செய்துசெய்துதான் அது வருகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சின்ன விஷயத்தைப் பாதுகாப்பதற்காகத்தான்.

முதல் படி: ஆசிரியரைத் தேடுங்கள், அவசரப்படாதீர்கள்

காணொளி பார்த்துக் கற்கலாமா என்று கேட்பார்கள். அசைவின் வரிசையை வேண்டுமானால் அப்படி மனப்பாடம் செய்யலாம். உங்கள் இடுப்பு எங்கே இறுகியிருக்கிறது என்பதைத் திரை சொல்லாது. கை வைத்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும். வாரம் ஒரு நாள் கிடைத்தாலும் போதும்.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் எவ்வளவு அழகாகச் செய்கிறார் என்பதைவிட அவருடைய பழைய மாணவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நொண்டுகிறவர்கள் பலர் இருந்தால் அந்த இடம் வேண்டாம். மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருகிறார்களா, தங்களுக்குள் சிரித்துப் பேசுகிறார்களா, ஆசிரியர் வந்ததும் பயந்து உறைகிறார்களா என்பதும் தெரிந்துவிடும். அவர் யாரிடம் கற்றார், எத்தனை காலம் கற்றார் என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான ஆசிரியருக்கு இந்தக் கேள்வியில் கோபம் வராது.

தொடாமலே ஆளைத் தூக்கி எறியலாம், சக்தியால் நோய் தீர்க்கலாம் என்று சொல்கிறவரிடமிருந்து விலகிவிடுங்கள். ஓராண்டுக் கட்டணத்தை முதல் நாளே கேட்கும் இடத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

பரம்பரைக் கதைகள் நிறையக் கேட்பீர்கள். நம்மவர்கள் போதிதருமரை இதில் கொண்டுவராமல் இருப்பதில்லை. தாய்ச்சிக்கும் அவருக்கும் தொடர்பு கிடையாது. ஷாவோலின் மடத்தில் அவர் சண்டைக்கலை கற்றுத்தந்தார் என்ற செய்தியும் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த யிஜின்ஜிங் என்ற நூலை ஒட்டித்தான் பரவியது. அதற்கு முந்தைய சீன நூல்கள் அவரைத் தியான ஆசிரியராகவே காட்டுகின்றன. ஊர்ப் பெருமையை வைத்து ஒரு கலைக்குள் நுழைந்தால் அந்தப் பெருமை ஒரு மாதம்கூடத் தாங்காது.

தற்காப்பைப் பற்றியும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் செங்டூ நகரில் ஒரு எம்.எம்.ஏ. (கலப்புச் சண்டைக்கலை) வீரர் தன்னைத் தாய்ச்சி வல்லுநர் என்று சொல்லிக்கொண்டவரைச் சில நொடிகளில் வீழ்த்தினார். அந்தக் காணொளி சீனா முழுக்கப் பரவியது. எதிர்க்கும் ஆளோடு மோதிப் பழகாமல் எந்தக் கலையும் சண்டைக்கு உதவாது. உங்களுக்கு உடனடித் தேவை அதுதான் என்றால் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் போங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: வகுப்பின் முறைகள்

வகுப்பு வணக்கத்தோடு தொடங்கும். வலக்கையை முஷ்டியாக மடக்கி, இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்து, மார்புக்கு நேரே கொண்டுவந்து லேசாகத் தலை தாழ்த்துங்கள். கையை மாற்றிவிடாதீர்கள். சீன மரபில் ஆண்கள் வலக்கை மேலிருக்கக் கும்பிடுவது துக்க வீட்டு வழக்கம்.

ஆசிரியரை ஷிஃபு என்று அழைப்பார்கள். முந்திச் சேர்ந்த ஆண் மாணவர் ஷிஷியோங், அதாவது அண்ணன். பெண்ணானால் ஷிஜியே, அக்கா. பிந்தி வந்தவர்கள் தம்பி, தங்கை. இந்த வரிசையில் வயதுக்கு இடமில்லை, சேர்ந்த நாள்தான் கணக்கு. ஐம்பது வயதில், அலுவலகத்தில் பலருக்கு மேலதிகாரியாக இருப்பவர் இருபது வயதுப் பையனை அண்ணன் என்று கூப்பிட்டு, "அண்ணே, என் பாதம் சரியா இருக்கா?" என்று கேட்பார். முதல் மாதத்தில் நாக்கு கூசும். அது கூசாமல் போகிற நாளிலிருந்து கற்பது வேகமாகிவிடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் திருத்தும்போது காரணம் சொல்லாதீர்கள். "இல்ல ஷிஃபு, போன வாரம் நீங்க இப்படித்தான் சொன்னீங்க" என்ற வாக்கியம் வாய்வரை வரும். விழுங்கிவிட்டு, திருத்தியபடி மூன்று தடவை செய்துபாருங்கள். அப்புறமும் சந்தேகம் இருந்தால் வகுப்பு முடிந்து கேளுங்கள். பணிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. மூட்டில் வலிக்கும் எதையும், தப்பாகப் படும் எந்தத் தொடுகையையும் அந்த இடத்திலேயே மறுக்கலாம். மறுத்ததற்காகக் கோபப்படுகிறவர் ஆசிரியர் அல்லர்.

தேநீர் கொடுத்து, மண்டியிட்டு, முறைப்படி சீடராகச் சேரும் சடங்கு ஒன்று உண்டு. பாய்ஷி என்பார்கள். அது இருதரப்பும் ஏற்கும் குடும்ப உறவு மாதிரி. சில ஆண்டுகள் பழகிய பிறகு பேசவேண்டிய விஷயம் அது. வந்த மூன்றாம் மாதமே அதற்கு யாராவது வற்புறுத்தினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

உடைக்கு அதிகம் செலவு செய்யாதீர்கள். தளர்வான பருத்திக் கால்சட்டையும் தட்டையான, மெல்லிய அடி கொண்ட கான்வாஸ் செருப்பும் போதும். ஓடுவதற்கான தடித்த குதிகால் செருப்பு போட்டால் எடை முன்பாதத்துக்குப் போய்விடும்.

மூன்றாம் படி: நிற்பது

இதை நான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவிர்ப்பது இதைத்தான். ஜான்ஜுவாங் என்ற நின்ற நிலைப் பயிற்சி. அசைவே இல்லை.

பாதங்களைத் தோளகலத்தில் வையுங்கள், விரல்கள் நேராகவோ மிகக் கொஞ்சம் வெளிப்பக்கமாகவோ பார்க்கட்டும். முழங்காலை லேசாக மடக்குங்கள். தொடையும் வயிறும் சேரும் மடிப்பை இளக்கிவிடுங்கள். சீனத்தில் குவா என்று சொல்லும் இந்த இடம்தான் தாய்ச்சியின் அச்சாணி. உயரமான ஸ்டூலின் நுனியில் உட்காரப்போகிற மாதிரி இடுப்பு இறங்கும். முதுகின் அடிப்பகுதி நேராகத் தொங்கட்டும். உச்சந்தலையை மேலே யாரோ மெல்லப் பிடித்திருப்பதாக நினைத்து மோவாயைச் சற்று உள்ளே இழுங்கள். கைகளை மார்புக்கு முன்னால் வட்டமாக, ஒரு மரத்தைத் தழுவுவதாக வையுங்கள். தோள் இறங்கியிருக்க வேண்டும், முழங்கைகள் கீழே தொங்க வேண்டும். நாக்கின் நுனி மேலண்ணத்தைத் தொடட்டும். மூச்சு மூக்கால். எடை பாதத்தின் நடுவில்.

இப்போது ஆசிரியர் வருவார். ஒரு கையை உங்கள் இடுப்புக்குப் பின்னாலும் இன்னொன்றை மார்பிலும் வைத்து, ஒரு விரற்கடை அளவுக்கு உங்களைப் பின்னுக்கும் கீழுக்கும் நகர்த்துவார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. உங்களுக்கோ மொத்த உடம்பும் தொடைக்குள் இறங்கிவிட்டது போலிருக்கும். சில விநாடிகளில் தொடை நடுங்கத் தொடங்கும். அதுவரை தோளிலும் கீழ்முதுகிலும் நீங்கள் தாங்கிக்கொண்டிருந்த எடை அது. ஆசிரியர் கையை எடுத்து அடுத்தவரிடம் போனதும் நீங்கள் பழைய நிலைக்கு வழுக்கிப் போவீர்கள், அதை நீங்களே கவனிப்பீர்கள். அந்தக் கவனிப்பு வந்ததுமே முதல் பாடம் உங்களுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு மூக்கு அரிக்கும். பிறகு தோள் தானாகக் காது வரை ஏறியிருக்கும், இறக்குவீர்கள், மறுபடி ஏறும். இன்று அனுப்ப மறந்த மின்னஞ்சல், யாரோ சொன்ன சொல், கடிகாரம் நின்றுவிட்டதோ என்ற ஐயம் எல்லாம் வரிசையாக வரும். எதையும் விரட்ட வேண்டாம். தோளை மட்டும் இறக்குங்கள். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டி இருபதில் நிறுத்திக்கொள்ளலாம். முடிந்ததும் சட்டென்று உட்காராமல் இரண்டு நிமிடம் மெதுவாக நடங்கள்.

இதனால் என்ன வருகிறது? ஒரு நாள் கூட்டத்தில் யாரோ குரலை உயர்த்திப் பேசும்போது உங்கள் தோள் ஏறுவது உங்களுக்கே தெரியும். நின்று பழகாதவருக்கு அது தெரியாது, நேராகப் பதில் சத்தம்தான் வரும். தெரிந்தவருக்கு அதற்கு முன்னால் அரை நொடி கிடைக்கிறது.

நான்காம் படி: பட்டுநூல் சுற்றலும் முதல் ஃபார்மும்

சான்சி என்பது சென் பாணிக்கே உரிய அடிப்படை. பட்டுக்கூட்டிலிருந்து நூலைச் சீராக இழுப்பதை வைத்து வந்த பெயர். ஒரு கையை இடுப்பில் வைத்து மறுகையால் உடம்புக்கு முன்னால் வட்டம் போடுவீர்கள், எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய்வரும். பார்க்கக் கை சுற்றுகிற மாதிரி இருக்கும், உண்மையில் இடுப்பு திரும்ப, கை அதைத் தொடர வேண்டும். கை முந்திக்கொண்டால் ஆசிரியர் நிறுத்திவிடுவார். ஒரு பக்கம் இருபது, மறுபக்கம் இருபது என்று தினமும் செய்யுங்கள்.

பிறகு ஃபார்ம், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு. சென் பாணியில் முதலில் கற்பது பெரும்பாலும் லாவ்ஜியா யீலூ, பழைய சட்டகத்தின் முதல் தொகுப்பு. எண்ணும் முறையைப் பொறுத்து 74 அல்லது 75 அசைவுகள். தொடக்கத்திலேயே வருவது ஜிங்காங் தாவ்துய், வஜ்ரக் காவலர் உரலில் இடிப்பது. வலது முஷ்டி இடது உள்ளங்கையில் இறங்கும்போது வலது பாதம் தரையில் விழும். அடுத்து அங்கியைச் செருகும் அசைவு, பிறகு ஒற்றைச் சாட்டை என்று போகும்.

எத்தனை அசைவு கற்றேன் என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். ஓராண்டில் பாதி ஃபார்ம் வந்தால் அது நல்ல வேகம். சீக்கிரம் முழுசையும் கேட்டு வாங்குகிறவர்கள் பிறகு இரண்டு மடங்கு காலம் அதை அவிழ்த்துத் திருத்துவதில் கழிக்கிறார்கள். சென் பாணியில் மரபாகப் பட்டை, நிறம் எதுவும் கிடையாது. முன்னேற்றத்தைக் காட்ட வெளியே ஒன்றும் இல்லாதது பலருக்கு வருத்தம் தரும். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஐந்தாம் படி: வீட்டில் தினசரி

பத்து நிமிடம் நிற்பது, பத்து நிமிடம் பட்டுநூல், பத்து நிமிடம் ஃபார்மில் கற்ற வரை. அவ்வளவுதான். நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். மாடி என்றால் மாடி, காலை ஆறு என்றால் ஆறு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மிக மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம் நிற்பது. பயணத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில், அதை மட்டும் செய்யுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டாம், வழக்கமான அரை மணிக்குத் திரும்புங்கள். ஈடுகட்டுகிறவர்கள்தான் மூன்றாம் நாள் விடுகிறார்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, நின்ற நிமிடம், ஆசிரியர் கடைசியாகச் சொன்ன ஒரே ஒரு திருத்தம் இவற்றை எழுதுங்கள். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு திருத்தம்தான் வேலை.

சென் ஃபாக்கே (1887–1957) பற்றி அவருடைய மாணவர்கள் சொல்லிவந்த ஒரு செய்தி உண்டு. சிறுவயதில் நோஞ்சான். அப்பா சென் யான்ஸி, பின்னாளில் சீனக் குடியரசுத் தலைவரான யுவான் ஷிகாயின் குடும்பத்துக்குக் கற்றுத்தர வெளியூர் போயிருந்தார். பையன் பயிற்சியில் அக்கறை இல்லாமல் வளர்ந்தான். பரம்பரைக் கலை இந்த வீட்டோடு முடிந்தது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒரு நாள் உறவுக்கார அண்ணனோடு வயலுக்குப் போகும்போது, எதையோ எடுத்துவர அவனைத் திருப்பி அனுப்பி, "நீ ஓடிவா, நான் மெதுவா நடக்கிறேன், பிடிச்சிடலாம்" என்றாராம் அண்ணன். அண்ணன் ஒரு தடவை பழகுகிற நேரத்தில் தான் பல தடவை பழகினால் கலையிலும் அவரைப் பிடித்துவிடலாமே என்று அவனுக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் பிடித்தும்விட்டான். 1928இல் பெய்ஜிங் போய் சென் பாணியை அங்கே நிலைநிறுத்தியவர் அவர்தான். இதைக் கேட்டு நாளைக்கே முப்பது தடவை செய்யாதீர்கள். அவருக்கு அது தொழில், உங்களுக்கு வேலையும் வீடும் இருக்கின்றன.

நான்காம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை ஒரு வறட்சி வரும், அநேகமாக எல்லோருக்கும். புதுமை போயிருக்கும், தேர்ச்சி வந்திருக்காது. முதல் மாதம் பாராட்டிய அதே அசைவை ஆசிரியர் இப்போது நான்கு இடத்தில் திருத்துவார். நீங்கள் பின்னால் போகவில்லை, நுட்பமான தவறுகளைப் பார்க்கும் அளவுக்கு இப்போதுதான் உங்கள் அடித்தளம் தெளிந்திருக்கிறது. புதுப் பாணி, புது ஆசிரியர், வாள் என்றெல்லாம் மனம் அலையும். அந்த மாதங்களில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். தாண்டிய பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போகலாம்.

முழங்கால்

தொடையில் எரிச்சல் நல்லது, மூட்டில் குத்தல் கெட்டது. முழங்கால் எப்போதும் கால்விரல் பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. எடை இருக்கும் காலில் பாதத்தை நிலைநிறுத்திவிட்டு முழங்காலைத் திருகாதீர்கள், திரும்புவது குவாவில் நடக்கட்டும். தாழ்ந்த நிலையில் நின்றால்தான் வீரம் என்று ஒன்றும் இல்லை. உயர்ந்த நிலையில் சரியாக நிற்பது தாழ்ந்த நிலையில் தப்பாக நிற்பதைவிடப் பல மடங்கு கடினம். பழைய மூட்டுக் காயம், இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆறாம் படி: கை தள்ளுதல்

ஓராண்டை நெருங்கும்போது ஆசிரியர் உங்களை இன்னொருவரோடு நிறுத்துவார். தூய்ஷோவ் என்ற இருவர் பயிற்சி. மணிக்கட்டோடு மணிக்கட்டு தொட்டு வட்டம் சுற்றுவீர்கள். தாங்குவது, வழிவிட்டு இழுப்பது, நெருக்குவது, கீழ்நோக்கி அழுத்துவது என்று நான்கு அடிப்படை விசைகள்.

இதில் இரண்டு தவறுகள்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். ஒன்று முட்டுவது: எதிராளி தள்ளினால் நீங்களும் தள்ளுவது. இன்னொன்று விட்டுவிடுவது: தொடுகையைத் துண்டித்துக் கொண்டு பின்வாங்குவது. கோபக்காரர்கள் முதலாவதைச் செய்வார்கள், சாது என்று பெயர் வாங்கியவர்கள் இரண்டாவதை. தொடுகையை விடாமல், முட்டாமல், வரும் விசையோடு திரும்பி இடம் கொடுப்பது இரண்டு பேருக்கும் சம அளவு கஷ்டம். நிதானமானவர் என்று நாம் மதிக்கும் ஒருவர், மூன்றாம் முறை நிலைகுலைந்ததும் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பதைப் பார்க்கலாம். தோற்பதற்குத் தயாராக வாருங்கள். முதல் ஆண்டில் உங்களைவிடச் சிறிய, வயதான ஒருவரிடம் நிறையத் தோற்பது நல்ல அறிகுறி. முடிந்ததும் வணங்கி நன்றி சொல்லுங்கள்.

சென்ஜியாகோவுக்குப் போக விரும்பினால்

ஓராண்டாவது பழகிய பிறகு போங்கள், இல்லாவிட்டால் அங்கே கிடைக்கும் திருத்தம் கையில் தங்காது. இன்று அங்கே பயிற்சிப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. வெளிநாட்டவரைச் சேர்த்துத் தங்குமிடத்தோடு கற்றுத்தருபவையும் உண்டு. ஒரு காலத்தில் அந்த ஊரிலேயே கலை அற்றுப்போகும் நிலையில் இருந்தது. அதைப் பார்த்து 1958இல் வேலையை விட்டு ஊர் திரும்பிய சென் ஜாவ்பி (1893–1972) தன் வீட்டிலேயே இளைஞர்களுக்குக் கற்றுத்தந்தார். சென் ஷியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் ஸியான், சூ தியான்சாய் நால்வரும் அவரிடம் பழகியவர்கள். இன்று பல நாடுகளில் இருக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவரிடம் போய்ச் சேர்வார்கள். உங்கள் ஆசிரியரும் அப்படியானால் எந்தப் பள்ளிக்குப் போவது என்று அவரையே கேட்டு, அவர் மூலமாகவே கடிதம் எழுதச் செய்யுங்கள். தன்னிச்சையாகப் போவதைவிட அது மரியாதை, கவனிப்பும் கூடக் கிடைக்கும்.

மாகாணத் தலைநகர் ஜெங்ஜோவ் வரை விமானத்திலோ அதிவேக ரயிலிலோ போய், அங்கிருந்து சாலை வழியாக மஞ்சள் ஆற்றைக் கடந்து போகலாம். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்ல காலம். கடுங்கோடையிலும் கடுங்குளிரிலும் பழக வேண்டும் என்பது சீனர்களின் பழமொழி, ஆனால் முதல் பயணத்தில் அதைச் சோதிக்க வேண்டாம். ஹெனானின் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வகுப்பு காலையிலும் பிற்பகலிலும் இருக்கும், இடையில் தூங்க நேரம் ஒதுக்குங்கள். கான்வாஸ் செருப்பு இரண்டு ஜோடி, முழங்காலுக்கு மேல் ஏறாத தளர்வான கால்சட்டைகள், உங்கள் குறிப்பேடு, இவற்றோடு திருத்தம் எழுதிக்கொள்ள ஒரு புதுக் குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறையத் திருத்துவார்கள்.